ஓட்டமே எடுக்காத மகன்

கல்லாற்றுத் துறையில் தோணி புறப்பட்டதும், எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

“என்ட மகன் இந்த வருசம் கிரிக்கெட்டில ஒரு ஓட்டமும் எடுக்கல்ல கா.”

மற்றவள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

“அதுக்கேன் சிரிக்காய்?”

“நாங்க புளியந்தீவுக்குக் குடிபோனதானே. அங்கத்தப் பள்ளிக்கூடத்தில கிளித்தட்டு இல்ல, கிரிக்கெட்தான். இவன் பந்து காலில பட்டாலும் தோளில பட்டாலும் மட்டையை வைச்சிட்டு வெளிய வந்திருவான்.”

“ஆரும் போகச் சொன்னதா?”

“இல்ல கா. எங்கட ஊரில கிளித்தட்டில மறிக்கிறவன்ட கை மேலில பட்டா, பட்டவன்தானே சொல்லிட்டு வெளிய வரவேணும்? அப்பிடி நினைச்சிருக்கான். மறுகா, பள்ளிக்கூட மாஸ்டர்தான், மேலில பட்டதுக்கெல்லாம் வரத் தேவல்லடா எண்டு விளங்கப்படுத்தினவர்.”

“அதுக்குப் பிறகாவது அடிச்சானா?”

“கடைசி ஆட்டத்தில பந்து மட்டையில லேசா உரசிப் பின்னால போயிருக்கு. பிடிச்ச பொடியனுக்கே உரசினது தெரியல்ல. இவன் ‘பட்டுட்டு’ எண்டு சொல்லிட்டு நடந்து வந்திட்டான்.”

“அப்ப அதுவும் சைபரா?”

“சைபர்தான்.” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆனா ஒருநாளும் அம்பயர் கையைத் தூக்கி என்ட புள்ளைய அனுப்பல்ல கா.”