செயினைப் பிடித்த கை

இரவு ஒன்றரை மணி. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை. கதவைக் கொஞ்சம் சாத்துங்கள், சொல்கிறேன்... நம் கம்பெனி லைனில் வேலை பார்க்கிறானே ஜீவானந்தம், அவன் தங்கை புருஷன் இனியவனுக்கு நடந்தது இது.

இனியவன் போளூர்ப் பக்கத்து ஆள். மனைவி பூஜாவையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு, இங்கே ஆறு பேர் தங்கும் அறையில் இருந்தான். ஆளுக்கொரு ஷிஃப்ட். அவன் திரும்பும்போது பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வேலையில் இருப்பார்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் ஊரிலிருந்து போனில் வந்தால்தான் உண்டு.

ஓ.டி. முடியும் நேரத்துக்குக் கம்பெனி பஸ் இருக்காது. அதனால் பழைய கியர் சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். அன்று ஏரிக்கரை வளைவில்... படார். பெடல் காலுக்கடியில் வெறுமனே சுற்றியது. செயின் அறுந்து தார் மேல் கிடந்தது.

நல்லவேளை, கொஞ்ச நாளாகவே வழுக்குகிறதே என்று புதுச் செயின் வாங்கிப் பையில் போட்டிருந்தான். போன் டார்ச்சைப் போட்டு ஒரு கல்லில் சாய்த்தான். சார்ஜ் தீரும் நிலை. பழையதை நீட்டி வைத்து அளந்து, புதியதில் அதிகமாக இருந்த கண்ணிகளைக் கழற்றினான். பல்சக்கரத்தில் சுற்றிக் கோத்தான். இனி இரண்டு முனையையும் சேர்த்து லாக் போட வேண்டும். அங்கேதான் இழுத்தடித்தது. கியர் ஸ்பிரிங் இழுக்கிறது... ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. தனி ஆளாக முடியவில்லை.

மறுபடி நழுவியது.

சக்கரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டு, முனையைப் பிடித்தது.

பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டி என்று நினைத்தான். நிமிரவில்லை. வெளிச்சத்தில் விரல்கள் மட்டும் தெரிந்தன. நகக்கண் எல்லாம் கிரீஸ். ஏரிச் சேற்று வாடை.

“தேங்க்ஸ்ணா.”

“ஊர்ல யார்ப்பா கீறாங்க?” குரல் மெதுவாக வந்தது.

“பொண்டாட்டி, கொயந்த.”

“டெய்லி பேசுவாங்களா?”

“பேசுவாங்கண்ணா. பேசலன்னா அவளுக்குத் தூக்கம் வராது.”

ஏரியில் ஒரு தவளை கூடக் கத்தவில்லை.

“என்கிட்ட யாரும் பேசுறதில்ல...”

டக். லாக் விழுந்தது. அதே நொடியில் போனும் அணைந்தது.

தூரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி வந்தது. அதன் வெளிச்சம் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து போனது. அப்போதுதான் பார்த்தான்... சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார இடமே இல்லை. சரிவு. அதற்குக் கீழே தண்ணீர்.

எப்படி மிதித்து அறைக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. யாரையாவது எழுப்பிச் சொல்லலாம் என்று பார்த்தான். எழுப்பும் அளவுக்கு அங்கே யாரும் அவனுக்குப் பழக்கமில்லை. அணைந்த போனை நெஞ்சில் வைத்தபடி, விளக்கைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான்.

விடிந்ததும் போனைச் சார்ஜில் போட்டு பூஜாவைக் கூப்பிட்டான். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

“ராத்திரி உங்க நம்பர்லருந்து ஒருத்தர் பேசினாரே, யாருங்க அவரு?”

“எப்போ?”

“மூணு மணி இருக்கும், நல்ல தூக்கத்துல இருந்தேன். நீங்க படுத்துட்டீங்கன்னாரு. பாவம்ங்க, ரொம்ப நேரம் பேசினாரு. கொயந்த பேரு கேட்டாரு. நம்ம வூட்டுக்கு வழி கேட்டாரு, சொன்னேன்.”

“பூஜா...”

“ஆனா வர நாளாவுமாம். கெளம்பிட்டேன், நடந்துதான் வந்துகினு கீறேன்னாரு.”