மருதையை நம்பிய நாள்

கோர்ட்டில் மோர் குடிப்பது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் திருச்சி வெயிலில் செஷன்ஸ் நீதிபதிக்கும் தாகம் எடுக்கும். அறுபத்திரண்டாம் வருஷம் ஒருநாள், என் முழங்கை பட்டு மோர் டம்ளர் கவிழ்ந்தது. அரசு வக்கீல் ரோசரி அப்போதுதான் நீட்டிய மனு முழுதும் நனைந்தது. "உங்க மனுவுக்குத் திருமஞ்சனம் ஆயிடுத்து" என்றேன். கோர்ட்டே சிரித்தது. ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இதைவிடப் பெரிய சம்பாவனை கிடையாது.

மனுவில் இருந்தது இதுதான். உப்பிலியபுரத்துப் பக்கம் வைக்கோல் போருக்குத் தீ வைத்ததாகப் பிச்சைமுத்து என்ற விவசாயி மேல் வழக்கு. முன்பு இரண்டு முறை இதே மாதிரி வழக்கில் அவரை விடுதலை செய்தவன் நான். இரண்டிலும் சாட்சி பக்கத்து வயல்காரன் மருதை. அவன் பேச்சு நம்பத் தக்கதல்ல என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தேன். இப்போதும் சாட்சி மருதைதான். ஆகவே நான் விலகிக்கொண்டு வேறு நீதிபதியிடம் வழக்கை விட வேண்டும் என்று ரோசரி பணிவாகக் கேட்டார்.

கூண்டில் நின்ற பிச்சைமுத்து கைகூப்பினார். "வேற யாரும் வேணாங்க. இந்த அய்யாவே விசாரிக்கட்டும்."

நான் விலகவில்லை. விலகினால் ரோசரி சொன்னதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஏற்கெனவே வக்கீல்கள் அறையில் எனக்குப் 'பிச்சைமுத்து ஜட்ஜ்' என்று பெயர். நல்ல கேலிதான், வேறொருவரைப் பற்றியிருந்தால் நானே ரசித்திருப்பேன்.

மருதையைத் திறந்த மனத்தோடு கேட்டேன். நிலவில்லாத இரவில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னான். முன்பும் அதையேதான் சொல்லியிருந்தான். மனத்தை இந்த முறை கொஞ்சம் அகலமாகவே திறந்துவிட்டேன் போலிருக்கிறது. ஏழு ஆண்டு என்று எழுதினேன். ரோசரியே நிமிர்ந்து பார்த்தார்.

சந்தேகம் இருந்ததா என்றால், இருந்தது. முன்பெல்லாம் அதன் பலனைப் பிச்சைமுத்துவுக்குக் கொடுத்தேன். இந்த முறை நானே எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கேலிப்பெயரை யாரும் சொல்லவில்லை.

அப்பீலுக்கு வழி இருந்தது. "அய்யாவே சொல்லிட்டாரு, இனி யாருகிட்டப் போறது" என்று பிச்சைமுத்து இருந்துவிட்டாராம். அடுத்த ஆடியில் சிறையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார்.

நான் செய்தது சரியா என்று பலரைக் கேட்டேன். "சட்டப்படி சரிதான் சார்" என்றார் ரோசரி, தரையைப் பார்த்து. என் மனைவி செண்பகவல்லி, "எல்லாம் பெருமாள் சித்தம்ணா" என்று பால் பொங்குவதைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு பஸ் ஏறிப் பிச்சைமுத்துவின் மனைவி மயிலம்மாளைத் தேடிப் போனேன். களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். குடிக்க மோர் கொடுத்தார். "இதைக் கொட்டாம குடிக்கிறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வேற ஜட்ஜ் கேட்டிருந்தாலும் இதே தீர்ப்புதான் வந்திருக்கும், இல்லையாம்மா?"

காலால் கடலையைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"வேற ஆளுன்னா மருதை பேசுனதைக் கேட்டிருப்பாருங்க. நீங்க, உங்களை யாரு யாரு பாக்குறாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் பின்னால பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்."