அண்டாவுக்கு இடமில்லை

மாமனார்: இறக்கு. எல்லாத்தையும் கீழ இறக்கு.

மருமகள்: மாமா, காலையிலேருந்து ஒத்தை ஆளா ஏத்தி இப்பதான் முடிச்சேன்...

மாமனார்: அடியில வைக்கவேண்டியதை விட்டுட்டு மேல மேல அடுக்கிட்டா முடிச்சதா அர்த்தமா? அண்டா எங்க?

மருமகள்: எந்த அண்டா?

மாமனார்: எந்த அண்டாவா! இந்த ஷெட்டுல எத்தனை அண்டா இருக்கு? இளைஞர் மன்றத்துக்கு என் அப்பா குடுத்த பித்தளை அண்டா. கோடை முகாம்னா மொதல்ல அதுதான் வேன்ல ஏறும். அதுக்குள்ள கயிறு, முளைக்குச்சி, லாந்தர்... அப்புறம்தான் கூடாரத் துணி. இருபத்தஞ்சு வருஷம் இப்படித்தான் போயிருக்கு.

மருமகள்: இந்த வருஷம் இடமில்லை மாமா.

மாமனார்: நகரு, நான் பாக்கறேன். இது என்ன பெட்டி, வழியை அடைச்சுக்கிட்டு?

மருமகள்: முதலுதவிப் பெட்டி.

மாமனார்: இவ்வளவு பெருசா? பிள்ளைங்க முகாமுக்குப் போறாங்களா, சண்டைக்குப் போறாங்களா?

மருமகள்: போன வருஷம் போனது சின்னப் பெட்டிதான். தலைவலி மாத்திரையும் ஒரு சுருள் பஞ்சும் இருந்துச்சு. முப்பத்தொரு பிள்ளைங்க வரிசையா உக்காந்து வாந்தி எடுக்கும்போது அந்தப் பஞ்சை வச்சு நான் என்ன பண்ண?

மாமனார்: அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்.

மருமகள்: நான் நர்ஸ். நான் எடுக்காம வேற யார் எடுப்பா?

மாமனார்: அதான் ரெண்டே நாள்ல எல்லாப் பிள்ளையும் எந்திரிச்சு ஓடிச்சே. எவனால வந்துச்சோ அவனையும் வெளிய அனுப்பியாச்சு. கையைக் கழுவாம எலுமிச்சம்பழம் பிழிஞ்சான், வினையாப் போச்சு. அவ்வளவுதான்.

மருமகள்: கை கழுவலைன்னு யார் பாத்தா?

மாமனார்: ஜூஸ்லதான் கோளாறுன்னு உங்க டாக்டரே சொன்னார். ஜூஸ் போட்டது யாரு? சமையல்காரன். மன்றக் கூட்டத்துல நான் எந்திரிச்சு இதைத்தான் சொன்னேன். யாராவது மறுத்துப் பேசினாங்களா?

மருமகள்: நீங்க எந்திரிச்சா யார் மாமா பேசுவா? அங்க நாற்காலிகூட நகர யோசிக்கும்.

மாமனார்: என்ன, கிண்டலா?

மருமகள்: இல்லை மாமா. உள்ளதைச் சொன்னேன்.

மாமனார்: இது என்ன? நீலமா... குழாய் வேற வச்சிருக்கு?

மருமகள்: தண்ணி டிரம். புதுசு.

மாமனார்: பிளாஸ்டிக்! ஆஸ்பத்திரியில அழுக்குத் துணி போட்டு வைப்பீங்களே, அந்த மாதிரியா? இந்த ஊர்ல மீசை வச்சுக்கிட்டுத் திரியறவன்ல பாதிப் பேர் என் அப்பா அண்டாவுல தண்ணி மொண்டு குடிச்சவன். இதோ இந்த வேனை ஓட்டிக்கிட்டுப் போகப்போறானே, அவன் உள்பட. நாளைக்கு என்னைக் கேப்பாங்க. பெரியவர் வீட்டு அண்டா எங்கன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்ல?

மருமகள்: கனம் ஜாஸ்தின்னு சொல்லுங்க. நாலு ஆள் வேணும் அதைத் தூக்க.

மாமனார்: ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.

மருமகள்: போன மாசம்தான் இடுப்பு பிடிச்சுக்கிட்டுப் பத்து நாள் படுத்தீங்க.

மாமனார்: என் இடுப்பு என் பாடு! நீ பேச்சை மாத்தாதே. நான் இந்த வீட்டுல இருக்கும்போதே அண்டா வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்க. உன் புருஷன் இங்க இருந்தா இது நடக்குமா? கூப்பிடு அவனை.

மருமகள்: அவர்தான் நேத்தே போயாச்சே. கூடாரம் போட இடத்தைச் சமன் பண்ணணும்னு.

மாமனார்: அண்டா வரலைன்னு அவனுக்குத் தெரியுமா?

மருமகள்: ...தெரியும்.

மாமனார்: தெரியுமா? என்ன சொன்னான்?

மருமகள்: தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

மாமனார்: ...எதுக்குக் குனியணும்? அவன் எதுக்குத் தலையைக் குனியணும்? என்ன சொல்லி வச்ச நீ அவன்கிட்ட?

மருமகள்: நான் ஒண்ணும் சொல்லலை மாமா.

மாமனார்: பொய். காலையிலேருந்து என் முகத்தைப் பாத்துப் பேசலை நீ. இந்த மூட்டை என்ன? கட்டு கட்டியிருக்க. ஜல்லிக்கரண்டி... அரிவாள்மணை... மரத்துடுப்பு... இது நம்ம வீட்டுச் சாமான் இல்லையே. இந்தத் துடுப்பை எனக்குத் தெரியும். இது அவனோடது.

மருமகள்: ஆமா. அவரோடதுதான்.

மாமனார்: எப்படி இங்க வந்துச்சு?

மருமகள்: நேத்து அவர் வீட்டுக்குப் போய் நான்தான் வாங்கிட்டு வந்தேன். இந்த வருஷமும் அவர்தான் சமைக்கிறார்.

மாமனார்: யாரைக் கேட்டு?

மருமகள்: மன்றத்துல முகாம் பொறுப்பு இந்தத் தடவை என்கிட்ட குடுத்திருக்காங்க.

மாமனார்: என் பேரால குடுத்தாங்க! இந்த வீட்டு மருமகள்னு குடுத்தாங்க! பிள்ளைங்களை விழவச்சவனையே திரும்பக் கூட்டிட்டு வந்து அடுப்புகிட்ட நிறுத்தினா ஊர் எதால சிரிக்கும்? மன்றத்துல எந்திரிச்சுப் பேசின மனுஷன் பொய் சொன்னான்னுதானே ஆகும்?

மருமகள்: மெதுவாப் பேசுங்க. அவர் வாசல்ல நிக்கிறார்.

மாமனார்: நிக்கட்டும்! காதுல விழட்டும்னுதான் பேசறேன்.

சமையல்காரர்: விழுந்துச்சு ஐயா. தெருமுனையிலேயே விழுந்துச்சு.

மாமனார்: உள்ள வராதே.

சமையல்காரர்: வரலை. செருப்பைக்கூடக் கழட்டலை, பாருங்க. என் துடுப்பு இருந்தா குடுங்க, போயிடறேன்.

மருமகள்: மாஸ்டர், நீங்க எங்கயும் போகவேண்டாம். உள்ள வாங்க.

மாமனார்: என் வீட்டுக்குள்ள யார் வரணும்னு நீ சொல்றியா?

மருமகள்: ஷெட் மன்றத்துக்கு விட்டது மாமா. நீங்களே எழுதிக் குடுத்தது. வாங்க மாஸ்டர்.

சமையல்காரர்: மாஸ்டர்னு கூப்பிடாதீங்கம்மா, பழக்கம் விட்டுப்போச்சு. எங்க தெருப் பசங்க இப்ப வாந்தி மாஸ்டர்ங்கறாங்க. முழுப் பட்டமும் சொன்னாத்தான் திரும்பிப் பாக்கறேன்.

மாமனார்: பட்டம் குடுத்தது நான் இல்லை.

சமையல்காரர்: கூட்டத்துல குடுத்தீங்களே ஐயா. நீங்க உக்காந்ததும் கைதட்டல்கூட இருந்துச்சாம்.

மருமகள்: இவர் இப்ப எங்க வேலை பாக்கறார் தெரியுமா மாமா? எங்க ஆஸ்பத்திரி கேண்டீன்ல தட்டு கழுவறார். ஆயிரம் பேருக்கு ஒரே கையால ஆக்கிப் போட்டவர். அடுப்புப் பக்கம் விடமாட்டாங்க. தினமும் மதியம் தட்டை அவர் கையிலதான் குடுக்கறேன். குடுத்துட்டு அவர் முகத்தைப் பாக்காம என் வார்டுக்கு ஓடிடறேன்.

மாமனார்: நீ எதுக்கு ஓடணும்?

மருமகள்: நேரமாகுது மாமா, அந்த மூட்டையை இப்படிக் குடுங்க.

மாமனார்: கேக்கறேன்ல. நீ எதுக்கு ஓடணும்?

சமையல்காரர்: அம்மாவை விடுங்க ஐயா. நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. போன வருஷம் மொத நாள் நான் முகாமுக்கு வந்து சேர்ந்தப்போ அண்டாவுல விளிம்பு வரைக்கும் தண்ணி நின்னுச்சு. உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியலை. உங்ககிட்ட வந்து கேட்டேனா இல்லையா? ஐயா, ஈயம் பூசியாச்சா, புளிப்பு ஊத்தலாமான்னு?

மாமனார்: கேட்ட.

சமையல்காரர்: என்ன சொன்னீங்க?

மாமனார்: ஞாபகம் இல்லை.

சமையல்காரர்: எனக்கு இருக்கு. "என் வீட்டுப் பாத்திரத்தையா சந்தேகப்படற"ன்னீங்க. நாப்பது பேர் முன்னாடி. அப்புறம் நான் எப்படி இன்னொரு தடவை கேக்க? பழத்தைப் பிழிஞ்சேன்.

மாமனார்: கழுவாத கையால.

சமையல்காரர்: ஐயா! என்னை என்ன வேணா சொல்லுங்க. கையைச் சொல்லாதீங்க.

மாமனார்: மிரட்டறியா?

சமையல்காரர்: கெஞ்சறேன். பத்து மணிக்கு மன்ற வாசல்ல பிள்ளைங்களைப் பெத்தவங்க எல்லாரும் வந்து நிப்பாங்க. அவங்க முன்னாடி ஒருத்தராவது சொல்லணும், இவன் கை சுத்தம்னு. சொன்னா வேன்ல ஏறுவேன். இல்லைன்னா கேண்டீன்ல தட்டு காத்துக்கிட்டிருக்கு.

மாமனார்: நான் இருக்கறவரைக்கும் அது நடக்காது.

சமையல்காரர்: சரி. அப்போ அந்த அண்டாவை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். அன்னைக்குச் சாயங்காலமே சாக்கு சுத்தி உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்க. ஒரு வருஷமா என் கண்ணுலயே படலை.

மாமனார்: தொடாதே அதை!

மருமகள்: பாருங்க மாஸ்டர். இதோ, சாக்கை எடுத்துட்டேன்.

மாமனார்: ஏய்!

மருமகள்: இந்தாங்க டார்ச். உள்ள அடிச்சுப் பாருங்க.

சமையல்காரர்: உள்ள பூரா பச்சைப் பச்சையாக் களிம்பு...

மாமனார்: என்ன பாக்கற? ஒரு வருஷம் சாக்குக்குள்ள கிடந்த பாத்திரம். களிம்பு பிடிக்காதா?

சமையல்காரர்: பிடிக்கும் ஐயா. பித்தளையில பச்சையாத்தான் பிடிக்கும். ஈயத்து மேல எப்படிப் பிடிக்கும்?

மாமனார்: தேஞ்சு போயிருக்கும்.

சமையல்காரர்: தேஞ்சா அங்கங்க திட்டாவது நிக்கும். இது களிம்புக்கு அடியில முழுக்க மஞ்சளா இருக்கு. நல்லாச் சுரண்டி எடுத்திருக்காங்க... பட்டறையில பழைய ஈயத்தைச் சுரண்டிட்டு, புதுசு பூசாமலே விட்ட மாதிரி. இது என்ன, உள்வாயில எழுத்து? புதுசா வெட்டியிருக்கு. உங்க அப்பா பேரு...

மாமனார்: கையை எடு.

சமையல்காரர்: ஒரு எழுத்துலகூட ஈயம் ஏறலையே ஐயா...

மருமகள்: போதும் மாஸ்டர். நான் சொல்றேன். ஈயம் பூசலை.

மாமனார்: வாயை மூடு.

மருமகள்: ஒரு வருஷமா மூடித்தான் இருக்கேன்! பித்தளையில எலுமிச்சம்பழச் சாறை ஊத்தி நாலு மணி நேரம் வச்சா அது ஜூஸ் இல்லை, விஷம். பிள்ளைங்களைப் பாத்த உடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உங்க பிள்ளையை நிறுத்திக் கேட்டேன். அண்டாவைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனது நீங்கதானே, ஈயம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். அழுதார் மாமா. சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டு அழுதார்.

மாமனார்: ...என்ன சொன்னான்?

மருமகள்: "பூசச் சொல்ல மறந்துட்டேன். அப்படியே வாங்கிட்டு வந்துட்டேன். அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது"ன்னார்.

மாமனார்: மறந்துட்டேன்னா சொன்னான்?

மருமகள்: ஆமா.

மாமனார்: அவன் வாயால?

மருமகள்: அவர் வாயாலதான். அவரைக் காப்பாத்தணும்னு நானும் பேசாம இருந்தேன். இவர் கழுவற தட்டுக்கெல்லாம் நானும் ஒரு காரணம். மாஸ்டர், என்னை மன்னிக்காதீங்க.

சமையல்காரர்: ...சின்னவரா? ஐயோ. தங்கமான புள்ளையாச்சே. ஐயா, நான் உங்க மேலதான் வயித்தெரிச்சல் பட்டுக்கிட்டிருந்தேன். தெரிஞ்சே என்னை மாட்டிவிட்டுட்டார்னு. உங்களுக்கே தெரியாம நடந்திருக்கு. தெரிஞ்சிருந்தா உங்களை மாதிரி ஒரு மனுஷன் அப்படிப் பேசியிருப்பீங்களா? தப்பா நினைச்சதுக்கு நான்தான் மன்னிப்பு கேக்கணும்.

மாமனார்: என்கிட்ட மன்னிப்பு கேக்காதே.

சமையல்காரர்: இல்லைங்க ஐயா, நீங்க பெரியவங்க...

மாமனார்: கேக்காதேன்னு சொல்றேன்ல!

மருமகள்: மாஸ்டர், நீங்க வேன்ல ஏறுங்க. என் வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். வேன் பின்னாலயே பெத்தவங்க எல்லாரும் முகாம் வரைக்கும் வர்றாங்கல்ல, அங்க வச்சு அவரே சொல்றேன்னுட்டார். தப்பு மாஸ்டர் மேல இல்லை, என் மேலதான்னு.

மாமனார்: அவன் சொல்லக்கூடாது.

மருமகள்: மாமா!

மாமனார்: அவன் சொல்லக்கூடாது. ஃபோன் போடு.

மருமகள்: இன்னும் மானமா? இந்த மனுஷன் எதிர்லயே நிக்கிறார்! முப்பத்தொரு பிள்ளைங்க வாந்தியை நான் கையால அள்ளியிருக்கேன்! உங்க வீட்டுப் பேருக்காக இன்னும் எத்தனை வருஷம் இவர் தட்டு கழுவணும்? சொல்லுங்க. நீங்க தடுத்தாலும் அவர் சொல்லத்தான் போறார்.

மாமனார்: கத்தாதே. கத்தாம கேளு. அவன் சொன்னா அது பொய்ம்மா. அவன் மறக்கலை. சொன்னபடி பட்டறையில குடுத்தான், பழைய ஈயத்தைச் சுரண்டியும் ஆச்சு. மறுநாள் அவனையும் கூட்டிக்கிட்டு நான் போய்த்தான் நிறுத்தினேன். அப்பா பேரை வெட்டி நாலு நாள்கூட ஆகலை... வெளிப்பக்கம் வெட்டினா புகையில கறுத்துடும், உள்வாயில இருந்தாத்தான் மொண்டு குடிக்கிற பிள்ளை ஒவ்வொண்ணும் படிக்கும்னு பாத்துப் பாத்து வெட்டவச்சேன். ஈயம் ஏறினா எழுத்து அடைஞ்சிடும்னான் பட்டறைக்காரன். வாயை மட்டும் விட்டுட்டுப் பூசுன்னேன், அப்படியெல்லாம் பூசமாட்டேன்னான். பூசவே வேண்டாம் போன்னு தூக்கிட்டு வந்தேன். வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பான்னு அவன் வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வந்தான். இவர் வந்து உள்ள பாத்துடக்கூடாதுன்னு விடிஞ்சதும் விடியாததுமா தண்ணி ரொப்பினதும் நான்தான். கூட்டத்துல இவர் கையைப் பத்தி நான் பேசும்போது அவன் கடைசி வரிசையில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தான்... ஃபோனைப் போட்டு அவன்கிட்ட சொல்லு. பத்து மணிக்கு மன்ற வாசல்ல நான் பேசப்போறேன். அதுக்கு முன்னாடி அவன் வாயைத் திறக்கக்கூடாது. இது அப்பன் உத்தரவுன்னு சொல்லு.