காயாத துணி

– மாமா... இங்க கொஞ்சம் வாங்களேன். இந்தத் துணி ஏன் ஈரமா இருக்கு?

– எந்தத் துணி?

– இந்தப் பின் ரூம்ல எத்தனை துணி இருக்கு? மண்ணு மேல சுத்தி வெச்சிருக்கேனே, இதுதான்.

– ஓ, அதுவா... மழைக்கு ஒழுகியிருக்கும்.

– மழையா? மழையைப் பாத்து எவ்ளோ காலம் ஆச்சு?

– அப்ப காத்துல ஈரம் இருந்திருக்கும். டப்பாவுல மூடி வெச்ச உப்புகூட தானா கசியுதில்ல?

– மாமா, புழிஞ்சா தண்ணி சொட்டுது. காத்து வந்து நனைச்சு, புழிஞ்சு, திரும்பவும் அழகா சுத்திட்டுப் போச்சா?

– ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மனுஷனை நிம்மதியா பேப்பர் படிக்க விடுங்க மாப்பிள்ளை. துணி ஈரமா இருந்தா என்ன, காஞ்சா என்ன? நீங்கதான் இந்த ரூம் பக்கமே வர்றதில்லையே. இன்னைக்கு என்ன திடீர்னு... கையில என்ன அது, சாக்கா?

– சாக்குதான்.

– எதுக்கு?

– மண்ணை அள்ளிப் போடத்தான். இந்நேரம் காஞ்சு வெடிச்சிருக்கும், ஒரு தட்டு தட்டினா பொடிப்பொடியா விழுந்துடும்னு நெனச்சு வந்தேன். தொட்டுப் பாத்தா இப்பத்தான் பிசைஞ்சு வெச்ச மாதிரி இருக்கு.

– எதை அள்ளிப் போடப் போறீங்க? அது என் பொண்ணு முகம் மாப்பிள்ளை.

– மண்ணு மாமா. நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, வெறும் மண்ணுன்னு.

– நான் ஆயிரம் சொல்வேன். நான் சொன்னதையெல்லாம் அவ கேட்டிருந்தா நீங்க இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாவே வந்திருக்க மாட்டீங்க.

– அதுவும் சரிதான்.

– பேச்சை மாத்தாதீங்க. ஏன் போடறீங்க?

– லேப்ல ஓனர் கேட்டார், ஞாயித்துக்கிழமையும் வர முடியுமான்னு. வேலை குவிஞ்சு கிடக்காம். சரின்னுட்டேன்.

– சரின்னுட்டீங்களா? வாரம் பூரா ஊர்க்காரங்களுக்குப் பல் செட் செய்யறது பத்தாதா? அப்ப சிலை எப்ப செய்வீங்க?

– செய்யப் போறதில்ல.

– என்னது?

– விட்டாச்சு மாமா. பல்லு செஞ்சா போதும். நீங்க வாயில போட்டிருக்கீங்களே, அதுவும் நான் செஞ்சதுதானே. அதுல ஏதாவது குறை இருக்கா?

– குறை சொல்ல முடியாது. ஒண்ணுகூட ஆடல. அதுக்காக...

– அவ்ளோதான். ஆடாத பல்லு செய்யறேன், நாலு பேர் மென்னு சாப்பிடறாங்க. சிலையை யார் கேட்டா? இந்த ரூமைக் காலி பண்ணிட்டா நீங்க இங்க ஃபேன் போட்டுப் படுத்துக்கலாம். ஹால்ல கொசு பிடுங்குதுன்னு சொல்றீங்களே.

– கொசுவோட நான் இருந்துக்கறேன். எனக்கும் அதுக்கும் பழகிப் போச்சு... லைப்ரரி வாசல்ல புத்தகம் படிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு உக்காந்திருக்கே, அந்தச் சிலை யார் செஞ்சது?

– நான்தான். இப்ப எதுக்கு அது...

– பார்க்ல ரெண்டு மீன் தண்ணி துப்புதே, அது?

– ஒண்ணுதான் துப்புது. இன்னொண்ணு அடைச்சுக்கிச்சு.

– அதுக்குப் பார்க்குக்காரனைக் கேளுங்க. நான் பஸ் ஓட்டின காலத்துல லைப்ரரி ஸ்டாப் வந்தா...

– வந்தா?

– ஒண்ணுமில்ல.

– எனக்குத் தெரியும் மாமா. உங்க கண்டக்டர் சொல்லிட்டார். ஏற ஆள் இல்லன்னாலும் நிறுத்துவீங்களாம், இறங்க ஆள் இல்லன்னாலும் நிறுத்துவீங்களாம். யாராவது அந்தச் சிலையைப் பாத்தா, நம்ம மாப்பிள்ளை வேலைன்னு சொல்லிட்டுத்தான் வண்டியை எடுப்பீங்களாம்.

– அவன் வாயில விசில் நிக்கும், ரகசியம் நிக்காது.

– என்கிட்ட மட்டும் வெறும் மண்ணு.

– உங்ககிட்ட சொன்னா தலைக்கு ஏறிடும்... அவதான் நாள் பூரா சொல்லிட்டிருந்தாளே. ஞாயித்துக்கிழமை ஆனா போதும். இதோ இந்த ஸ்டூல்ல உக்காந்துக்குவா. நீங்க செய்வீங்க, அவ பேசுவா. ரேடியோ கேக்க முடியாது எனக்கு... சரி, சரி. அதை விடுங்க.

– அப்ப துணியை நனைச்சது நீங்கதான்.

– அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

– மாமா.

– ...நான்தான். போதுமா? ஒரு சொம்புத் தண்ணி தெளிச்சது ஒரு குத்தமா?

– எப்பலேர்ந்து?

– அவ ஆஸ்பத்திரில படுத்ததுலேர்ந்து. நல்லா இருந்தவரைக்கும், நீங்க லேப்புக்குப் போனப்புறம் மதியத்துல அவதான் நனைப்பா. படுத்தப்புறம் என்னைக் கிட்ட கூப்பிட்டா. “அப்பா, அவர் காலைல நனைச்சிட்டுப் போவார், ஆனா மதிய வெயிலுக்குக் காஞ்சிடும். காஞ்சா வெடிச்சிடும். நீங்க ஒரு தடவை தெளிச்சு விட்டுடுங்க. சொட்டச் சொட்ட ஊத்தாதீங்க, மூக்கு கரைஞ்சிடும்”னா. தன் மூக்குல ட்யூபை வெச்சுக்கிட்டு, மண்ணு மூக்குக்குக் கவலைப்பட்டா மாப்பிள்ளை.

– எனக்குத் தெரியாது மாமா. என்கிட்ட அவ சொல்லவே இல்ல.

– எப்ப நிறுத்தணும்னு அவ சொல்லல. அப்புறம் சொல்றதுக்கு அவ இல்ல. நீங்களும் சொல்லல. நான் பாட்டுக்குத் தெளிச்சுக்கிட்டே இருந்தேன்.

– அவ போனப்புறம் நான் இந்தக் கதவையே தொறக்கல.

– தெரியும். அதான் காலைலயும் நானே...

– இத்தனை மாசமாவா?

– எனக்கு வேற என்ன வேலை? பேப்பரை எவ்ளோ நேரம்தான் படிக்கறது?

– துணியைத் தொறந்து பாத்தீங்களா?

– சத்தியமா இல்ல. முடிக்காததை யாரும் பாக்கக் கூடாது, அவருக்குப் பிடிக்காதுன்னு சொல்லி வெச்சிருந்தா. துணி மேலயே தெளிப்பேன். கையால தடவி விடுவேன். இது நெத்தி, இது மூக்குன்னு கைக்கே தெரியும். கொஞ்சம் கீழ வந்தா மட்டும்...

– வந்தா?

– வாய் இருக்கற இடத்துல பள்ளமா இருக்கு. ஏன் மாப்பிள்ளை? நான்தான் தண்ணி ஊத்திக் கரைச்சிட்டேனோ? எத்தனை நாள் பயந்திருக்கேன் தெரியுமா?

– நீங்க கரைக்கல. அங்க வாயே இல்ல. நான்தான் வழிச்சு எடுத்துட்டேன்.

– ஏன்?

– சொன்னா சிரிப்பீங்க.

– நான் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. சொல்லுங்க.

– சிரிக்கற மாதிரி செய்யச் சொன்னா. போட்டோன்னா வாயை இறுக்கி மூடிக்குவாளே...

– ஆமா, கல்யாண போட்டோல பாருங்க. யாரோ அதட்டி உக்கார வெச்ச மாதிரி இருப்பா.

– வீடியோ எடுத்தாலும் கை உடனே வாய்க்குப் போயிடும். அப்படிப்பட்டவ, “மண்ணுல மட்டும் நல்லா சிரிச்சுக்கறேன், மண்ணு கேலி பண்ணாது”ன்னா. நானும் மாஞ்சு மாஞ்சு செஞ்சேன். துணியை எடுத்துக் காட்டினேன். பாத்துட்டே நின்னா. அப்புறம், “யாருங்க இந்த அம்மா? உங்க லேப்புக்குப் பல்லு கட்ட வந்தவங்களா?”ன்னு கேட்டா.

– ஏன் அப்படிக் கேட்டா?

– பல்லையெல்லாம் வரிசையா வெச்சிட்டேன் மாமா! காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மெழுகுல பல்லு பதிக்கற கை. ஒண்ணு கோணலா நின்னா கை தானாப் போய் நிமித்திடும். அவ தெத்துப்பல்லை நிமித்தி வெச்சிருக்கேன். அவ சொல்ற வரைக்கும் எனக்கே தெரியல.

– அடக் கடவுளே... பொண்டாட்டி பல்லையா!

– சிரிக்கறீங்க பாத்தீங்களா.

– பின்ன சிரிக்காம? அந்தப் பல்லு முளைச்சப்ப டாக்டர் பிடுங்கிடலாம்னார். என் பொண்ணுக்கு அதுதான் அழகுன்னு சொல்லித் தூக்கிட்டு வந்துட்டேன். அவ அம்மாவுக்கும் அப்படித்தான் மாப்பிள்ளை. போட்டோன்னா வாயை மூடற பழக்கமும் அங்கேர்ந்து வந்ததுதான். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு சிரிச்சா, ஒருத்திக்கு இந்தப் பக்கம், ஒருத்திக்கு அந்தப் பக்கம்... ரெண்டு பல்லும் ஒண்ணை ஒண்ணு எட்டிப் பாக்கற மாதிரி இருக்கும். அம்மா போனப்புறம், இவ சிரிச்சா நான் ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துக்குவேன்... சரி, வழிச்சீங்க. மறுபடி வெக்க வேண்டியதுதானே?

– அடுத்த ஞாயித்துக்கிழமை வெக்கறேன்னேன். அதுக்குள்ள அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல்தானேன்னு இருந்தோம்... எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு நாள் லேப்ல, சாப்பாட்டு நேரத்துல, கொஞ்சம் மெழுகு எடுத்து அவ பல்லை மட்டுமாவது செஞ்சு பாக்கலாம்னு உக்காந்தேன். உக்காந்தவன் அப்படியே உக்காந்திருந்தேன்.

– அழுகை வந்துடுச்சா?

– அழுகை வந்திருந்தா பரவால்லையே மாமா. எந்தப் பக்கம்னு தெரியல.

– என்ன எந்தப் பக்கம்?

– தெத்துப்பல்லு. இடதா வலதான்னு தெரியல. எங்க வேலையில வலதுன்னா பல்லுக்காரருக்கு வலது, எனக்கு இடது. எல்லாத்தையும் திருப்பித் திருப்பியே பாத்த கண்ணு. ராத்திரி கண்ணை மூடினா அவ சிரிக்கறா. பல்லு இடது பக்கம் இருக்கு. அவளுக்கு இடதா, எனக்கு இடதான்னு யோசிச்ச உடனே அந்தப் பக்கம் போயிடுது. திரும்ப யோசிச்சா இந்தப் பக்கம் வருது. அப்படி யோசிச்சு யோசிச்சு, இப்ப அந்தச் சிரிப்பே வர்றதில்ல மாமா.

– அவ பல்லை ஒரு அச்சு எடுத்து வெச்சிருக்கலாமே...

– கேட்டேனே. “என் பல்லு உங்க மேஜைக்கு வராது, வீட்லயே பாத்துக்கோங்க”ன்னா. வீட்லதானே இருக்கான்னு நானும் சரியா பாக்காம விட்டுட்டேன்.

– அக்கம்பக்கத்துல யாரையாவது...

– என்னன்னு கேக்கறது? “ஏங்க, என் பொண்டாட்டிக்கு எந்தப் பக்கம் தெத்துப்பல்லு?”ன்னா? கூடவே குடும்பம் நடத்தினவன், அதுலயும் பல்லு வேலை பாக்கறவன்! உங்ககிட்ட கேக்கவே நாக்கு எழும்பல. உங்க பொண்ணு முகம் எனக்கு மறந்து போச்சுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்? ஓனர் கூப்பிட்டதும் சரின்னதுக்குக் காரணம் இதான். ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா இந்தக் கதவு கண்ணுல படுதே. மண்ணே இல்லாம போயிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் சாக்கைத் தூக்கிட்டு வந்தேன்.

– மாப்பிள்ளை...

– திட்டுங்க மாமா. நல்லா திட்டுங்க.

– துணியைத் தொறங்க.

– வேண்டாம்.

– தொறங்கன்னேன். அந்தச் சாக்கை முதல்ல வெளிய வீசுங்க. இத்தனை நாள் தண்ணி தெளிச்சவனுக்கு ஒரு தடவை பாக்கற உரிமைகூட இல்லையா?

– ...சரி. அந்த முனையைப் பிடிங்க. மெதுவா... காதுகிட்ட ஒட்டியிருக்கும். இழுக்காதீங்க... ஆங். விட்டுடுங்க இப்ப... மாமா, உக்காருங்க. ஸ்டூல் பின்னாலதான் இருக்கு.

– காது அப்படியே இருக்கு... நெத்தில வந்து முடி விழுமே, ஊதி ஊதித் தள்ளுவாளே... அதைக்கூட விடல நீங்க. அம்மாடி... அப்பா வந்திருக்கேன்டா.

– அழாதீங்க மாமா... இல்ல, அழுங்க.

– இத்தனை நாள் ஈரத்துணியில பொத்தி வெச்சிருந்தேனே உன்னை. சளி பிடிச்சிருக்குமோ என்னவோ...

– மாமா...

– முடிங்க மாப்பிள்ளை. இப்பவே முடிங்க. வாயில்லாம எப்படி இருப்பா? வாய் ஓயாம பேசினவ.

– முடிக்கறேன். ஓனருக்குப் போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னு சொல்லிடறேன். பல்லு எங்க ஓடிடப் போகுது, எல்லாரும் ஒரு நாள் கஞ்சி குடிச்சுக்கட்டும்.

– அப்படிச் சொல்லுங்க.

– மண்ணு நல்லா இளகித்தான் இருக்கு, உங்க புண்ணியத்துல. மேலுதடு... இப்படி ஒரு இழுப்பு இழுத்தா... கன்னத்துல குழி தானா வந்துடும். பாத்தீங்களா?

– ம்... வருது. வருது.

– பல்லு வரிசை இது. முன்பல்லு கொஞ்சம் பெருசா இருக்கும் அவளுக்கு, அது ஞாபகம் இருக்கு. கை எங்கயாவது நிமித்தப் பாத்தா தட்டி விடுங்க... ஆச்சு மாமா. இன்னும் தெத்துப்பல்லு ஒண்ணுதான். பட்டாணி அளவு மண்ணு, இதோ கையில இருக்கு. அவ எதிர்ல நிக்கறதா நெனச்சுக்கோங்க. இடது வலதுன்னெல்லாம் சொல்ல வேண்டாம், குழப்பம். விரலை வெச்சுக் காட்டிடுங்க, போதும்... இங்கயா? இல்ல, இந்தப் பக்கமா? விரலை ஏன் அங்கயும் இங்கயும் நகத்தறீங்க? மாமா... பெத்தவர் நீங்க. டாக்டர்கிட்டேர்ந்து அந்தப் பல்லைக் காப்பாத்திக் கொண்டு வந்தவர். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

– ஒருத்திக்கு இந்தப் பக்கம், ஒருத்திக்கு அந்தப் பக்கம்... அதுல எது என் பொண்டாட்டி, எது என் பொண்ணுன்னு எனக்கு எப்பவோ மறந்து போச்சு மாப்பிள்ளை. நீங்க என்னைக்காவது செஞ்சு முடிப்பீங்க, அப்ப அதைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னுதான் தினம் தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தேன்.