வல்லிபுரத்தின் திதி

தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை, குடிக்கிறேன். விசாரணைக் குழு என்றதும் பச்சைத் தண்ணீர்கூடத் தரமாட்டீர்கள் என்று நினைத்து வந்தேன். நீங்கள் மசால் வடையே வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் முன் இருக்கும் புகார் ஒன்றுதான். என் நண்பர் வல்லிபுரத்துக்கு நான் எழுதிய கல்வெட்டில், அவர் இறந்த திதி தவறு என்று அவருடைய மகள் மீனலோசனி சொல்கிறாள். லண்டனிலிருந்து வந்தவள் இறப்புப் பத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தையும் தேடி எடுத்திருக்கிறாள். இத்தனை ஆண்டுகளாகத் தகப்பனுக்குத் தவறான நாளில் திவசம் நடந்திருக்கிறது என்று அழுகிறாள். உங்கள் தமிழ் மன்றம் எனக்குத் தரவிருக்கும் பட்டம் இதனால் நிற்கிறது. நியாயம்தான். திதி தவறுதான். அது எப்படி நேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

குழுவில் இருக்கும் ரெங்கசாமி அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்து ஆட்களின் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு பாட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். அதுதான் கல்வெட்டு. முதல் பக்கத்தில் திதி வெண்பா இருக்கும்: எந்த வருடம், எந்த மாதம், எந்தத் திதியில் காலமானார் என்று. திவசத்துக்கு அதுதான் ஆதாரம். அதன்பின் அவருடைய குணநலன்கள், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், நண்பர் புலம்பல். இந்த மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இவற்றையெல்லாம் எழுதிக் கொடுக்கிற தியாகராசா நான்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கோயில் நிர்வாகத்தை இரண்டாக உடைத்தவரை ‘ஒற்றுமைச் சுடர்’ என்று பாடியிருக்கிறேன். பந்திங்கில் ஒருவர், வேலிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் நாயை ஏவிவிட்டவர். அவரை ‘ஈ எறும்புக்கும் இரங்கியவர்’ என்று எழுதினேன். கடிபட்ட மனிதரே அந்தியேட்டிக்கு வந்து, அதை வாசித்துக் கண் கலங்கினார். இலக்கியத்தில் சொல்வது பொய்க் கணக்கில் சேராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனது உறுத்தும். சாவதற்குள் ஒரு கல்வெட்டாவது முழு உண்மையாக எழுதிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வல்லிபுரம் அதற்கென்றே பிறந்தவர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குப் பக்கத்து வீடு. அவர் ஒருவரைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. என் மனைவி இறந்த பிறகு எனக்கு மதியச் சோறு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அவர் மனைவி பூரணம் சமைத்துக் கொடுப்பார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வல்லிபுரமே வருவார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பேப்பர் வாசிப்பது போல் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் மேல் உயிர். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிங்கள வருடம் தைப்பூசத்துக்குச் சற்று முன்னால் அவருக்கு மாரடைப்பு வந்தது. பூசம் வரைதான் தாங்குவார் என்று டாக்டர் சொன்னதாகப் பூரணம் அழுதார். நான் வீட்டுக்கு வந்து துக்கத்தோடு உட்கார்ந்தேன். துக்கம் வந்தால் எனக்குப் பாட்டு வரும்.

பிங்கள வாண்டுதைப் பூசத்துப் பூரணையில்
மங்காப் புகழ்பூத்த வல்லிபுரம்…

மீதியைப் பாடி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. அன்று வந்தது போல் எனக்கு என்றுமே வந்ததில்லை. மனைவி புலம்பலும் மக்கள் புலம்பலும் தாமாகவே வந்து விழுந்தன. ஒரு வரியில்கூடக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தைப்பூசத்துக்கு அச்சகம் மூடிவிடும் என்பதால் நாகையாவிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்தேன். எழுத்துக் கோத்த நாகையா, “அண்ணே, நீங்க எழுதுனதுலயே இதுதான் டாப் லா,” என்றான். அவன் யாரையும் எளிதில் பாராட்டுகிறவன் அல்ல.

அந்தச் சமயத்தில் வல்லிபுரம் எழுந்து உட்கார்ந்து இடியப்பம் கேட்டார்.

டாக்டருக்கே ஆச்சரியம். பூசத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உப்புக் கூடாது, அலையக் கூடாது, முக்கியமாகப் படி ஏறக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது பொய் அழுகை அல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து அச்சகப் புரூஃபைக் கையில் எடுத்தபோது வேறு விதமான கவலை வந்தது. முழு உண்மையாக நான் எழுதிய ஒரே கல்வெட்டில் ஒரே ஒரு பொய் இருந்தது. அவர் சாகவில்லை.

எடுத்து வைத்துவிட்டு அவர் காலம் வரும்போது பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். பிங்கள வருடம் திரும்பி வர அறுபது ஆண்டு ஆகும். அதுவரை காத்திருக்க எங்கள் இருவருக்குமே வயதில்லை.

ஆகவே அவரிடம் போனேன்.

“ஐசே வல்லிபுரம், டொக்டரைக் கண்டனான். பத்துமலைப் படியை மெல்ல மெல்ல ஏறினா நெஞ்சுக்கு நல்லதாம்.”

“எனக்குப் படி ஏறப்படாது எண்டெல்லோ சொன்னவர்?”

“அது முந்தி. இப்ப புது முறை, லேட்டஸ்ட்.”

அவர் முகம் மலர்ந்தது. “முருகன் தந்த உயிர். நேரிலை போய்ச் சொல்லவேணும் எண்டு எனக்கும் ஆசைதான். நீர் கூட வாறீர் எண்டா எனக்கு ஒரு பயமும் இல்லை.”

பூரணத்துக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை. “அண்ணை, அவரைப் படிக்குக் கிட்டவும் விடாதேங்கோ,” என்று மட்டும் சொன்னார். கீழே நின்று காவடி பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்றேன். ஆக இரண்டு பொய். இரண்டும் இலக்கியத்துக்கு வெளியே சொன்னவை என்பதால் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஓர் உண்மையைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை.

பூசத்தன்று நல்ல கூட்டம், நல்ல வெயில். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. அதுவும் நல்லதற்கே என்று நினைத்தேன். ஆனால் பாதிப் படியில் மூச்சு வாங்கியது எனக்குத்தான். வல்லிபுரம் என் கையைப் பிடித்து, “மெல்ல வாரும், இன்னும் கொஞ்சம்தான்,” என்று மேலே கூட்டிக்கொண்டு போனார். சந்நிதியில் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். என்ன வேண்டிக்கொண்டீர் என்று கேட்டேன்.

“உமக்காகத்தான் கும்பிட்டனான். தனியா இருக்கிறீர்.”

கீழே இறங்கியதும் உப்புப் போட்ட மாங்காய் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். மாலை முழுவதும் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு சிநேகிதமா என்று பூரணம் உருகிப்போனார். இருட்டியதும் எழுந்து வந்தேன். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் எனக்குச் சோறு கொண்டுவருவதற்காகத் தூக்குச்சட்டியை எடுத்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பிறகு ஓடிவந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். பூரணை, அதாவது பௌர்ணமி, காலையிலேயே கழிந்திருந்தது. தேய்பிறைப் பிரதமை. பூசமும் இல்லை. ஒரு நல்ல மனிதர், வாழ்நாள் முழுவதும் எந்த ரயிலையும் தாமதமாக அனுப்பாதவர், இதில் மட்டும் ஒரு நாள் பிந்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திருத்தி எழுதிப் பார்த்தேன். பிரதமையை வைத்தால் அந்த அழகு போய்விடுகிறது. “எல்லாம் கோத்தாச்சு லா, மாத்தணுமா அண்ணே?” என்று நாகையா கேட்டான். வேண்டாம் என்றேன். சாத்திரக் கணக்கில் அது பூசத்தில்தான் சேரும் என்று பூரணத்திடம் சொன்னேன். பூச நாளில் போவது புண்ணியமல்லவா, அந்த அம்மாவுக்கு அதில் பெரிய ஆறுதல். அந்தியேட்டியில் கல்வெட்டை வாசித்தபோது அழாதவர் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

மீனலோசனி அங்கே வாசலோரம் எழுந்து நிற்கிறாள். உட்காரம்மா, முடித்துவிடுகிறேன்.

குழுவினர் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. திதிக்கு நான் பொறுப்பு. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். மறுபதிப்பில் அடிக்குறிப்புப் போடுகிறேன். ஆனால் அந்த ஒரு பிழைக்காக முழுக் கல்வெட்டையும் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் நண்பர் புலம்பலை எடுத்துப் பாருங்கள். ‘என்னுயிர் தந்தேனும் உன்னுயிர் காப்பேனே’ என்று எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதை வாசித்தால் எனக்குக் கண்ணீர் வரும். திதி ஒன்றைத் தவிர அந்தப் புத்தகத்தில் பொய் என்று எதுவும் இல்லை.