நான்காம் பாகத்தின் கடைசிச் சத்தம்

உங்கள் மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்கிறது. இந்த அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அது கேட்டிருக்காது. குறையாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் காது இருக்கிறது, அவ்வளவுதான்.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் மைத்துனன் இறந்தது விபத்து என்று ஏழு மாதங்களுக்கு முன்பு இதே ஸ்டேஷனில் கோப்பை மூடினீர்கள். "மரம் பார்க்க வந்தவர் எச்சரித்திருந்தார், சொல்லச் சொல்லக் கேட்காமல் ஏறிவிட்டான்" என்று நான் சொன்னேன். நீங்களும் தலையாட்டிக்கொண்டே எழுதினீர்கள். சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும்.

நான் இசையமைப்பாளர். சினிமாவுக்கு அல்ல என்றதும் உங்கள் எழுத்தரின் முகம் சுருங்கியதைக் கவனித்தேன். எண்பது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறேன், மரங்களைப் பற்றி, நிதானமாக. எனக்கும் ரசிகர்கள் உண்டு. கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் குறட்டை முதல் வரிசைவரைக்கும் வரும். முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், காட்டுக்குள்ள போய்ட்டு வந்த மாதிரியே இருந்துச்சு" என்பார்கள். நிஜக் காட்டில் இறக்கிவிட்டால் கொசு கடிக்கிறது என்று பத்தாவது நிமிடம் காரில் ஏறிவிடுகிற ஆட்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதைப் பற்றிய படைப்பில் மூன்று பாகங்களை முடித்திருந்தேன். நான்காவதில் மரம் விழ வேண்டும். பெரிய கிளை ஒன்றின் அடியில் விரிசல் விட்டிருந்தது. பட்டன் அளவில் ஒரு மைக் கிடைக்கிறது. மரத்தின் உடம்பில் ஒட்டினால் உள்ளே நடப்பதைக் கேட்கலாம். காற்றடிக்கும்போது விரிசல் முனகும். தினமும் காலை ஏழு மணிக்குக் கேட்டேன். முனகலின் சுருதி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. தேதி போட்டு நோட்டில் குறித்துவைத்தேன். எங்கே வந்து நிற்கும், எப்போது முறியும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து மரம் பார்ப்பவர் வந்தார். சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். "சார், இந்தக் கிளை எந்நேரமும் வந்துடும். அடுத்த செவ்வாக்கிழமை ஆள் அனுப்பி அறுத்துடுறோம். அதுவரைக்கும் அடியில யாரையும் விடாதீங்க" என்றார். அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு குறி, வாசல் கேட்டில் ஓர் அறிவிப்பு. ரம்பத்தால் அறுக்கிற சத்தத்தை எழுத நான் தேவையில்லை. அறிவிப்பைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். குறியின் மேல் சேற்றைப் பூசினேன். மனைவி கடையிலிருந்து வருவதற்குள் கையும் கழுவியாயிற்று.

மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். என் மனைவிக்கு ஒரே தம்பி. அவள்தான் தூக்கி வளர்த்தாள். ஞாயிறுதோறும் வருவான். வீட்டில் எது கழன்றிருக்கிறது என்று தேடிப் பிடித்து மாட்டுவான், சீட்டியடித்துக்கொண்டே. சுருதியே சேராத சீட்டி. என் இசையைப் பற்றி ஒரே ஒரு முறை கருத்துச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா எப்ப ஆரம்பிக்கும்?" என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவனை அந்த அளவுக்கு நான் பொருட்படுத்தியதே இல்லை.

சிக்கல் தேதியில்தான் இருந்தது. என் கணக்குப்படி கிளை தானாக முறிய இன்னும் ஒரு வாரம் ஆகும். ஆட்கள் வரவோ இரண்டே நாள். அன்று ஞாயிறு. காலையில் நீளக் கம்பால் மைக்கைத் தட்டிவிட்டேன். அது ஒயரில் தொங்கியது.

"தம்பி, மைக் கழண்டுடுச்சு. ஏறி ஒட்டிட்டு வர்றியா? எனக்கு ஏணின்னாலே கால் நடுங்கும்."

"இதுக்குப் போய் இவ்வளவு தயங்கறீங்களே அத்தான்." ஏணியைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். "கிளை பிளந்த மாதிரி இருக்கே, தாங்குமா?"

"நகராட்சி ஆளு வந்து பாத்துட்டுத்தான் போனாரு."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சரிபார்த்துக்கொள்ளலாம்.

நான் அறைக்குள் வந்து ஹெட்போனை மாட்டிப் பதிவைத் தொடங்கினேன். ஜன்னல் வழியாக, விரிசலைத் தாண்டி இன்னும் இரண்டடி தள்ளி ஒட்டச் சொன்னேன். நகர்ந்தான். எழுபத்தெட்டு கிலோ. அதற்கு முந்தைய ஞாயிறு "தொப்பை போட்டுட்டியே" என்று கேலி செய்து அவனை எடை பார்க்கும் மெஷினில் ஏறி நிற்க வைத்தவன் நான்தான்.

பதினோரு வினாடிகள். மைக் ஒட்டும் சத்தம், சீட்டி, பிறகு மரம். நான் அதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. நடுவில் அவன் "அக்கா" என்று கூப்பிடுவது கேட்கிறது. அது மட்டும் சுருதி சேரவில்லை. வெட்டி எடுத்துவிட்டேன்.

படைப்பை அவனுக்கே சமர்ப்பித்தேன். போன சனிக்கிழமை முதல் நிகழ்ச்சி. கடைசிச் சத்தம் வந்தபோது என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்களாவது அவன மறக்காம இருக்கீங்களே" என்றாள். நல்ல இசை அப்படித்தான் அழவைக்கும்.

நேற்றுப் பத்திரிகையில் விமர்சகர் எழுதியிருக்கிறார்: கடைசிச் சத்தம் ஸ்டுடியோவில் டிரம் சத்தத்தை இழுத்துச் செய்த வித்தையாம், மரத்தின் உயிர் அதில் இல்லையாம். இந்த மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். ஏழு மாதத்தில் நேற்று இரவுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் வந்தேன். நோட்டு இருக்கிறது, அறிவிப்பு இருக்கிறது, வெட்டாத முழுப் பதிவும் இருக்கிறது. கிளை முறியும் என்று தெரிந்தே, முறிய வேண்டும் என்றே அவனை ஏற்றினேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்திரிகைக்குக் கொடுக்கும்போது அது டிரம் அல்ல என்பது மட்டும் முதல் வரியில் வர வேண்டும்.

பதிவை என் மனைவிக்கும் போட்டுக்காட்டுவீர்கள் என்று தெரியும். தாராளமாகப் போடுங்கள். உங்கள் மேஜையில் இருக்கும் அந்த ஓட்டை ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அதில் மரம் சரியாகக் கேட்காது.