ஆறாவது தலையணை

தலையணையைத் தட்டிப் பார்த்தே ஒருவர் எப்படித் தூங்கினார் என்று என்னால் சொல்லிவிட முடியும். நடுவில் குழி விழுந்திருந்தால் நிம்மதியான தூக்கம். ஓரங்கள் கசங்கியிருந்தால் புரண்டிருக்கிறார். பதினாறு வருடமாக இந்தக் கப்பலின் மேல்தளத்தில் சூட் எனப்படும் சொகுசு அறைகளைக் கவனித்துக்கொள்கிறேன். கூட வேலை செய்பவர்கள் என்னைப் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். எப்போதும் தலையணையும் கையுமாக இருப்பது ஒரு காரணம். நான் நடந்தால் சத்தம் கேட்காது என்பது இன்னொன்று.

நீங்கள் ஆறாவது தலையணையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதைப் பெரியவரின் முதுகுக்குப் பின்னால்தான் வைத்தேன். முகத்தின் பக்கம் கொண்டுபோகவே இல்லை. அப்படிச் செய்கிற ஆள் நானில்லை.

முதலில் எங்கள் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்தில் பதினான்கு அறைகள். லிப்டில் அங்கே வரவும், லிப்ட் வாசல் கதவைத் தாண்டவும் தனிக் கார்டு வேண்டும். கீழே சாதாரண அறைகளில் தங்கியிருக்கும் சொந்தக்காரர்கள் மேலே வந்துபோக வேண்டுமானால், சூட் அறைக்காரர் அனுமதி தர வேண்டும். அதற்கு ஒரு விருப்ப அட்டை உண்டு. எந்த மாதிரித் தலையணை, அறை எவ்வளவு குளிராக இருக்கலாம், காலையில் எத்தனை மணிக்குத் தேநீர் என்று வரிசையாகக் கேட்டிருக்கும். கடைசி வரி, உள்ளே வரலாம் என்று அவர் சொல்கிற குடும்பத்தார். முதல் நாள் அதை வாங்கிக்கொண்டால் பிறகு எதையும் இரண்டாம் தடவை கேட்கக்கூடாது. கேட்டால் நமக்கு வேலை தெரியவில்லை என்று பொருள்.

பெரியவர் ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. எழுபத்தைந்து வயது நிறைவதற்காக மகள் இந்த ஏழு நாள் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தாள். அவருக்கு மட்டும் மேலே சூட் அறை. மகள், மருமகன், ஏழு வயதுப் பேத்தி மூவருக்கும் நாலு தளம் கீழே ஒரு சின்ன அறை. முதல் நாள் நான் அட்டையோடு நிற்கும்போதே பேச்சு முற்றிவிட்டது.

"எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய ரூம்?"

"நீங்க வசதியா இருக்கணும்னுதான்ப்பா. உங்களுக்கு மூட்டு வலி, இங்கன்னா குளிக்கற இடத்துல கைப்பிடி எல்லாம் இருக்கு."

"என்னை மேல தூக்கிப் போட்டுட்டு நீங்க மூணு பேரும் கீழே ஜாலியா இருக்கறதுக்குப் பேரு வசதியா?"

மருமகன் சமாதானப்படுத்தப் பார்த்தார். "மாமா, வேணும்னா மாத்திக்கலாம். எங்க ரூம்ல கட்டிலை விட்டு எறங்கினா நேரா பாத்ரூம்தான். நடக்கற வேலையே இல்லை."

நான்கூடச் சிரித்துவிட்டேன். பெரியவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த அட்டையை வாங்கினார். கடைசி வரியில் 'ஒருவரும் வேண்டாம்' என்று அழுத்தி எழுதினார். "கப்பல் திரும்பிப் போய்ச் சேர்ற வரைக்கும் உங்க யார் மூஞ்சியும் எனக்குத் தேவையில்லை. போங்க."

வெளியே நடைபாதையில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணா. எங்கப்பா கோவம் அரை மணி நேரம்தான். அப்புறம் அவரே கூப்பிடுவார்." பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். காலை, மாலை என்று ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிக் குழியில் போட்டு வைத்திருந்தாள். அவள் அதைச் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பொறுப்பான பெண்.

அவள் சொன்னது சரி. அரை மணி நேரத்தில் பெரியவர் மணியடித்தார்.

"தம்பி, என் பேத்தி வந்தாளா?"

"இல்லைங்க ஐயா."

அந்த நேரத்துக்கு அது உண்மைதான். பதினைந்து நிமிடம் கழித்து அவள் வந்தாள். லிப்ட் வாசல் கதவில் தன் கார்டை வைத்துப் பார்த்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. தாத்தா தூங்குகிறார் என்றேன். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது அவர் உண்மையாகவே கண்ணயர்ந்திருந்தார். ஆகவே முதல் நாள் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. என்ஜினில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்ட கதை, தண்டவாளத்தில் படுத்திருந்த எருமைக்காக இருபது நிமிடம் வண்டியை நிறுத்திவிட்டு அதிகாரிக்கு எழுதிக் கொடுத்த விளக்கம். 'எருமை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினாராம். இந்த வேலையில் விருந்தினர்கள் நம்மைப் பார்க்க மாட்டார்கள். தேநீர்க் கோப்பையைப் பார்ப்பார்கள், அதை நீட்டுகிற கையைப் பார்ப்பார்கள். இவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். கடைசியில், "நீ ஒருத்தன் இருந்தா போதும் தம்பி" என்றார்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வருடத்தில் பத்து மாதம் நான் கடலில். போன தடவை வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றேன். கதவைத் திறந்தவள் உள்ளே திரும்பி, "அம்மா, அவர் வந்திருக்கார்" என்றாள். இதை எதற்கும் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள், சொன்னேன்.

இரண்டாம் நாள் காலை தலையணையின் ஓரங்கள் கசங்கியிருந்தன. தூக்கம் கெட்டதற்குக் காரணம் எனக்குத் தெரிந்தது. பெட்டியில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் அவர் அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் மேசைக் காலில் முட்டியை இடித்துக்கொண்டார். "இந்த மாத்திரை என்னை வேலைக்காரன் மாதிரி ஓட விடுது தம்பி" என்றார். ஒருவர் வசதிக் குறைவைச் சொன்ன பிறகும் சும்மா இருப்பது என் தொழிலுக்கு அழகல்ல. அன்று முதல் அந்த வெள்ளை மாத்திரையை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அன்றிரவு குழந்தை மாதிரித் தூங்கினார். மறுநாள் தலையணையில் அழகான குழி.

தூரம் போவதற்காக அவர் கொண்டுவந்திருந்த சக்கர நாற்காலியை மடித்து என் சாமான் அறைக்குக் கொண்டுபோனதும் அன்றுதான். அறைக்குள் அது காலை இடறுகிறது. தொலைபேசியைத் 'தொந்தரவு வேண்டாம்' என்று மாற்றினேன். நடுக்கடலில் கைபேசி எடுக்காது, அறையிலிருந்து அவர் கூப்பிட்டால் என் மணிதான் அடிக்கும். கீழேயிருந்து கூப்பிட்டால் ரிசப்ஷனுக்குப் போகும். அவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள். ஒருவரும் வேண்டாம் என்று பெரியவர் கையாலேயே எழுதியிருக்கிறதே.

மகள் தினமும் இரண்டு வேளை வந்தாள். மேல்தளத்து லிப்ட் வாசல் வரை மற்றவர்களோடு சேர்ந்து ஏறி வந்துவிடுவாள், அதற்கு மேல் கார்டு விடாது.

"இன்னுமா கோவம் அண்ணா?"

"உங்க பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கறார்ம்மா. கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

"நான் அழுதேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

உள்ளே போவேன். அவர் கேட்பார், "என்ன சொல்றா எம்பொண்ணு?" தீவைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்கள் என்பேன். நீச்சல் குளத்தில் இருக்கிறார்கள் என்பேன். அவர் சற்று நேரம் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு என்னோடு பேச ஆரம்பிப்பார்.

பேத்தி படம் வரைந்து லிப்ட் வாசலில் என்னிடம் கொடுப்பாள். கப்பல், ரயில், கப்பல் மேல் ஓடும் ரயில். என் அலமாரியில் நீங்கள் கண்டெடுத்த பதினோரு படங்களும் அவைதான். ஒன்றைக்கூட நான் கசக்கவில்லை, பார்த்திருப்பீர்கள்.

மூன்றாம் நாள் அவர் நேராகவே கேட்டார். "தம்பி, அந்த அட்டையை மாத்திடு. ஏதோ கோவத்துல எழுதிட்டேன். என் பொண்ணை வரச் சொல்லு."

விருந்தினரே ஐந்தாம் தளத்து ரிசப்ஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் மாற்ற முடியும் என்றேன். அவ்வளவு தூரம் அவரால் நடக்க முடியாது. நாற்காலி பழுதாகியிருப்பதாகவும், சரிபார்க்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னேன். உண்மையில் என் இடுப்பில் இருக்கும் கருவியிலேயே அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆனால் அட்டையை ஒருவர் முதல் நாள் எப்படி எழுதுகிறாரோ அதுதான் அவர் மனம். பிறகு மாற்றுவதெல்லாம் பலவீனத்தில். அனுபவத்தில் சொல்கிறேன்.

நாலாம் நாள் மூன்றாவது தலையணை கேட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையைக் கொஞ்சம் தூக்கி வை என்றார். வாத்து இறகுத் தலையணை கொடுத்தேன். மாலையில் இன்னொன்று. செருப்பு கடிக்கிறது என்றார். பாதம் வீங்கி, விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. இரண்டு அளவு பெரிய செருப்பு கொண்டுவந்தேன். "நீ என்னைக் கெடுத்து வெக்கறே தம்பி" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ஐந்தாவது தலையணை. அவர் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். என்ஜினில் நின்றே தூங்கியவருக்கு இது பெரிய விஷயமில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். பேசியது நான். அவரால் நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. டாக்டரைக் கூப்பிடு என்றார். டாக்டரைக் கூப்பிட்டால் முதலில் குடும்பத்தைத்தான் வரச் சொல்வார்கள். அறை முழுக்க ஆட்கள், அழுகை, கேள்விகள். அத்தனை நாள் காப்பாற்றி வைத்த அமைதி ஒரே நிமிடத்தில் போய்விடும். டாக்டர் சாயங்காலம் வருவதாகச் சொன்னேன்.

கப்பல் மருத்துவர் உங்களிடம் சொல்லியிருப்பார், நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது, அந்த வெள்ளை மாத்திரை நின்றதால் வந்தது என்று. எனக்கு அது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் நாளே மகள் பெட்டியைத் திறந்து விரல் வைத்துக் காட்டினாள். "மத்ததெல்லாம் ஒரு வேளை விட்டாலும் பரவாயில்லை அண்ணா. இந்த வெள்ளையை மட்டும் விட்டுடாதீங்க. விட்டா நெஞ்சுல தண்ணி சேந்து மூச்சு விட முடியாமப் போயிடும். போன வருஷம் அப்படித்தான் பொழைச்சு வந்தார்."

நினைவிருக்கிறது. எனக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் நாள் மதியம் ஒன்றரை மணி. வெளியே நல்ல வெயில், கடல் ஆடவே இல்லை. ஆறாவது தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினார்கள். யாரோ ஒரு விருந்தினரின் பின்னாலேயே மகள் லிப்டிலிருந்து நுழைந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அப்பா. நான்தான்ப்பா. கோவம் போதும்ப்பா. நீங்க கீழயே வந்துடுங்க. நாலு பேரும் அந்தச் சின்ன ரூம்லயே இருந்துக்கலாம்."

பெரியவருக்குக் கேட்டுவிட்டது. கையைக் கதவுப் பக்கம் தூக்கினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"யாருமில்லைங்க ஐயா. பக்கத்து ரூம்ல சுத்தம் பண்றாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பதினாறு வருடத்தில் ஒரு விருந்தினர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு பார்வை என் தோளைத் தாண்டிக் கதவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவு எனக்கு நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. எழுந்தால் கையை விட வேண்டியிருக்கும். எழவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. அவள் மேலாளரைக் கூட்டிவரப் போனாள். அவர்கள் சாவியோடு வருவதற்குள் போர்வையைச் சரிசெய்து, தலையைத் தலையணையின் நடுவில் வைத்தேன்.

நீங்கள் கொலை என்ற சொல்லை எழுதிக்கொண்டால் நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. மாத்திரையை நிறுத்தியது நான். கதவைத் திறக்காதது நான். இரண்டு பக்கமும் பொய் சொன்னது நான். இவற்றில் எதையும் வேறொருவர் செய்யவில்லை. மூலை அறையில் போன வருடம் இருந்த ஆசிரியை அம்மாவைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் உங்கள் அறிக்கையில் தவறு இருக்கிறது. பயணம் முடியும்போது விருந்தினர்கள் நிரப்பித் தரும் கருத்து அட்டையை நான் திருத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அது நேர்மையாக நிரப்பப்பட்டது. 'அடுத்த பயணத்திலும் இதே பணியாளர் வேண்டுமா' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறது. அது அவருடைய கைதான். மேலாளரின் சாவி கதவில் திரும்புகிற வரைக்கும் அந்தக் கை வளைந்து கொடுத்தது. பேனா நழுவாமல் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டது மட்டும்தான் நான்.